தலைக்குள் தேங்கும் குருதி



ஊவா மலைநாட்டில் ஐப்பசி பிறந்துவிட்டால் மழையும் உடன் பிறந்துவிடும். மடுல்சீமை, பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கங்களிலுள்ள தேயிலைத் தோட்டங்களில் லயத்துப் படிகள் பாசி படிந்து வழுக்கும். அத்தகைய தோட்டமொன்றிலே, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கவ்வாத்துக் கத்தி பிடித்து உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பெயர் வேண்டியதில்லை. அவரைப் போன்ற ஒருவரேனும் இல்லாத லயம் அரிது. ஒரு மாலை, மழைக்கு அஞ்சி விறகுக் கட்டோடு விரைந்து உள்ளே நுழைந்தவர், தாழ்ந்த நிலைவாசலில் தலையை இடித்துக்கொள்கிறார். காயமில்லை, மயக்கமில்லை. மகள் சிறிது எண்ணெய் தடவிவிடுகிறாள். மறுநாள் அவள் பிரட்டுக்குப் போய்விடுகிறாள். இடித்த கதையும் மறந்துபோகிறது.

ஆறேழு வாரங்கள் கழிகின்றன. கார்த்திகை விளக்கீட்டுச் சமயத்தில் பெரியவரிடம் சில மாற்றங்கள் தென்படுகின்றன. காலையில் தலை பாரமாக இருக்கிறது என்கிறார். பகலிலும் இஸ்தோப்பிலே சுருண்டு உறங்குகிறார். பேரனை மகன் பெயரிட்டு அழைக்கிறார். பீலிக்கரைக்கு நடந்து போகும்போது இடது காலின் செருப்பு கழன்று வழியிலே கிடக்கிறது. கழன்றதை அவர் உணரவேயில்லை.

அயலவர் ஆளுக்கொரு காரணம் கூறுகின்றனர். வயது போனால் புத்தி தடுமாறும் என்கிறார் ஒருவர். இளமையில் குடித்த குடி இப்போது வேலை செய்கிறது என்கிறார் இன்னொருவர். பாரிசவாதத்தின் தொடக்கம் என்பது மூன்றாமவர் கருத்து. கோடாங்கியிடம் ஒரு முறை குறி கேட்டுவிடுவோமே என்கிறாள் மூத்த உறவுக்காரி ஒருத்தி. இவர்களைப் பார்த்து நகைப்பது முறையன்று. பெரிய நகரங்களிலே, படித்த குடும்பங்களிலே, ஏன், சில வேளைகளில் வைத்தியர் நடுவிலேகூட இந்நோய் இப்படித்தான் முதுமையின் பெயரிலும் மறதி நோயின் பெயரிலும் மறைந்து நிற்கிறது. நடந்திருப்பது யாதெனில், மூளையைச் சுற்றிச் சிறிது சிறிதாகக் குருதி தேங்கிவிட்டது. அத்தேக்கத்தை வடித்துவிட்டால் பெரியவர் பெரும்பாலும் பழைய பெரியவராகவே எழுந்து நடப்பார். முதுமைக்கு மருந்தில்லை, இதற்கு உண்டு. அதனாலேயே இவ்வேறுபாட்டை அறிதல் ஓர் உயிரின் பெறுமதி உடையதாகிறது.

மூளை மண்டையோட்டுக்குள்ளே வெறுமனே வைக்கப்பட்டதன்று. மூன்று உறைகள் அதனைப் போர்த்துள்ளன. ஓட்டை ஒட்டினாற்போல் உள்ள தடித்த உறையை நம் பாடநூல்கள் வன்றாயி என்கின்றன. நடுவிலுள்ளது சிலந்திவலை போன்ற மெல்லுறை. மூளையோடு ஒட்டியது மென்றாயி. உறைக்குத் தாய் என்று பெயர் வந்தது எவ்வாறு என்று சிலர் வியக்கக்கூடும். அரபு மருத்துவர்கள் இவற்றை மூளையின் தாய் என்றழைத்தனர். அந்நூல்கள் இடைக்காலத்தில் இலத்தீனுக்குப் பெயர்ந்தபோது வலிய தாய், மெல்லிய தாய் என்றாயின. அங்கிருந்து தமிழுக்கும் வந்து சேர்ந்தன. பிள்ளையை அணைத்திருக்கும் தாய் என்னும் கருத்து மூன்று மொழிகளைக் கடந்தும் கெடாமல் வந்திருக்கிறது.

மூளையின் மேற்பரப்பிலிருந்து அசுத்தக் குருதியைக் கொண்டுசெல்லும் சிறு நாளங்கள், வன்றாயியிலுள்ள பெருங்கால்வாயிற் சென்று சேர்கின்றன. இரு கரைக்கும் இடையே கட்டிய கயிற்றுப் பாலங்கள் போன்றவை அவை. வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குகிறது. மதுப் பழக்கமும் அச்சுருக்கத்தை விரைவுபடுத்தும். மூளை சுருங்கினாலும் ஓடு சுருங்குவதில்லை. ஆதலின் அக்கயிறுகள் இழுபட்டு நிற்கின்றன. அந்நிலையில் ஒரு சிறு குலுக்கம் போதும். நிலைவாசல் இடியும் போதும். நாளம் கிழிந்து, மெல்லெனக் குருதி கசியும். நாளத்திலே அழுத்தம் குறைவு. ஆகவே திடீர் அபாயம் தோன்றுவதில்லை. சுருங்கிய மூளையைச் சுற்றி இடமும் இருக்கிறது; ஆகவே வாரக் கணக்கில் நோய் வெளிப்படுவதுமில்லை. நோயாளரிற் பலருக்கு அடிபட்ட நினைவே இராது.

இந்நோயின் வரலாற்றில் நாளம் குற்றவாளியானது அண்மையில்தான். 1857 ஆம் ஆண்டிலே ஜெர்மானிய மருத்துவ மேதை விர்ச்சோ, இதனை வன்றாயியில் ஏற்படும் ஓர் அழற்சி என்றே கருதினார். அடிபட்டதனால் வருவது என்பதை அவர் ஏற்கவில்லை. இலண்டன் சத்திரசிகிச்சை வைத்தியர் வில்பிரட் துரோட்டர் 1914 இலே அக்கருத்தை மறுத்து, கிழிந்த நாளத்தையே காரணமாகக் காட்டினார். பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் இவர்கள் இருவருக்கும் முன்பே, 1840 இல் எழுதிய பியரெத் என்னும் கதையிலே, தலையில் அடிபட்ட சிறுமி நாளடைவில் நலிவதையும் அவள் மண்டையில் துளையிடப்படுவதையும் சித்திரித்துள்ளார். மருத்துவ வரலாற்றாசிரியர்கள் அதனை இந்நோயின் வருணனையாகவே படிக்கின்றனர். இலக்கியம் சில வேளைகளில் மருத்துவத்திற்கு முன்னே நடந்துவிடுகிறது.

நாளம் என்றும் நாடி என்றும் இங்கே பேசப்படுவனவற்றைப் பிரித்தறிதல் வேண்டும். தமிழகத்து நூல்கள் தமனி, சிரை என்பனவற்றை இலங்கைப் பாடநூல்கள் நாடி, நாளம் என்று வழங்கும். இருதயத்திலிருந்து குருதியைத் துடிப்போடு தள்ளிக்கொண்டு வருவது நாடி. துடிப்பின்றித் திருப்பிக்கொண்டு செல்வது நாளம். பீலியில் விழும் நீருக்கும் கானில் ஓடும் நீருக்கும் உள்ள வேறுபாடு இது. நாடி உடைந்தால் குருதி பாயும். நாளம் கிழிந்தால் கசியும். எனவே, மெல்லத் தேங்கும் இந்நோயில் நாடிக்குப் பங்கிருக்க முடியாது என்று வைத்தியர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் இரண்டு வகையிலே திருத்தம் பெற்றது.

முதலாவது திருத்தம், எல்லா நோயாளருக்கும் பொதுவானது. கசிந்த குருதி அப்படியே கிடப்பதில்லை. இரண்டு மூன்று வாரங்களில் உடல் அதனைச் சுற்றி ஒரு சவ்வை வளர்க்கிறது. அச்சவ்வில் புதிய நுண்குழாய்கள் முளைக்கின்றன. பசுந்தளிர் போன்ற அவை எளிதில் உடைந்து மறுபடியும் மறுபடியும் கசிகின்றன. உள்ளே கிடக்கும் குருதி உறையாமல், வாகனத்தின் பழைய எஞ்சின் எண்ணெய் போல் கரிய திரவமாகிறது. அந்நுண்குழாய்களுக்கு ஊட்டம் எங்கிருந்து வருகிறது? வன்றாயிக்குக் குருதி தரும் நடு மூளையுறை நாடியிலிருந்தே வருகிறது. காதுக்கு முன்னே, பொட்டெலும்பின் உட்புறமாக ஏறிச் செல்லும் சிறு நாடி அது. தொடக்கம் நாளத்தினால் ஆயினும், நோயை உயிரோடு வைத்திருப்பது நாடி என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, அருமையாகக் காணப்படுவது. சிலரிடம் தொடக்கமே நாடிதான். மூளையின் மேற்பரப்பிலுள்ள சிறு நாடியொன்று வன்றாயியோடு ஒட்டிக்கொண்டிருந்து, ஒரு குலுக்கத்தில் பிய்ந்துவிடலாம். கனடாவைச் சேர்ந்த சார்ள்ஸ் துரேக் என்னும் நரம்புச் சத்திரசிகிச்சை வைத்தியர் 1961 இலேயே நாடி உடைவினால் வரும் இத்தகைய குருதித் திரட்சியைப் பற்றி எழுதியுள்ளார். நாடி கிளைக்கும் இடத்திலே சுவர் மெலிந்து சிறு குமிழ் போலப் புடைத்திருப்பதும் உண்டு. அக்குமிழ் வெடித்தால் குருதி பெரும்பாலும் நடு உறைக்குக் கீழே பரவிப் பேரிடி போன்ற தலைவலியை உண்டாக்கும். ஆயினும் அருமையாகச் சிலரிடம் வன்றாயிக்குக் கீழே சேர்ந்து தங்கும். மண்டையோடு வெடித்த இடத்தில் மூளையுறை நாடியின் சுவர் காயமுற்று, பொய்க்குமிழ் ஒன்று உருவாகிப் பின்னர் கசிவதும் உண்டு. பிறவியிலேயே நாடியும் நாளமும் நூற்சிக்கலாகப் பின்னிக்கிடப்பது இன்னொன்று.

இவை யாவற்றினும் வியப்பானது, வன்றாயிக்குள்ளேயே நாடியொன்று நுண்குழாய்களின் இடையீடின்றி நேரே நாளத்தோடு இணைந்துவிடுதல். பீலி நீரை மெல்லிய கானில் நேரே திருப்பிவிட்டதை ஒக்கும் இது. அழுத்தம் தாங்கவியலாத நாளம் பருத்து, முறுகி, ஒருநாள் கசியும். இதற்கு ஒரு முன்னறிகுறி சிலரிடம் உண்டு. ஒரு பக்கத்துக் காதிலே, நாடித் துடிப்போடு ஒத்து, ஓயாத இரைச்சல் கேட்கும். இரவின் அமைதியிலே அது மேலும் தெளிவாகக் கேட்கும். வைத்தியர் காதின் பின்புறத்தே குழாயை வைத்துக் கேட்டால் அவருக்கும் சில வேளைகளில் அந்த ஒலி கேட்கும். நோயாளி ஒருவருக்கு மட்டும் கேட்பதாக எண்ணிய ஒலி மற்றொருவர் செவிக்கும் எட்டுவது மருத்துவத்தில் அடிக்கடி நிகழ்வதன்று.

இவ்வளவையும் மண்டையைத் திறவாமலே காண முடிகிறதென்றால், அதற்கு இரு கண்டுபிடிப்புகள் காரணம். போர்த்துக்கல் நாட்டு வைத்தியர் ஈகாஸ் மோனிஸ் 1927 இலே, கதிர்ப்படத்தில் தோன்றும் மருந்தை நாடியிற் செலுத்தி மூளையின் குழாய்களைப் படம்பிடித்தார். 1971 ஒக்டோபர் முதலாம் நாள், இலண்டன் அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையிலே, ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த கருவியினால் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. அதுவே சீ. ரீ. ஸ்கான். 1979 இல் அவருக்கும் கோர்மக் என்பாருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அப்படத்திலே புதிய குருதி வெண்மையாகவும், பல வாரம் சென்ற குருதி கருமையாகவும் தோன்றும். இடைப்பட்ட காலத்தில் மூளையின் நிறத்தையே ஒத்திருக்கும். இரு பக்கமும் சமமாகத் தேங்கியிருந்தால் அனுபவமுள்ள கண்ணும் ஏமாறக்கூடும்.

தென்னாசியாவில் இத்துறை இளமையானது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலே டாக்டர் யாக்கோபு சாண்டி 1949 இலும், சென்னையிலே டாக்டர் பா. இராமமூர்த்தி 1950 இலும் நரம்புச் சத்திரசிகிச்சையைத் தொடங்கினர். கொழும்பிலே டாக்டர் ஷெல்டன் கப்ரால் அதே பத்தாண்டில் இதற்கு அடிகோலினார். அதற்கு முன்னே, மலையகத்தில் இந்நோய் கண்டவர்கள் என்ன ஆனார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். பதுளைக்கு 1924 இல் புகையிரதம் வந்துவிட்டது. கொழும்போ இருப்புப் பாதையிலே ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தூரம். தோட்ட லொறியிலே ஏற்றிப் புகையிரத நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டவர் அங்கே போய்ச் சேர்ந்தாலும், தலையைத் திறக்கவென்று தேர்ந்த நரம்புச் சத்திரசிகிச்சை வைத்தியர் இலர். வயது போய்த் தடுமாறி இறந்தவர் எனத் தோட்டங்களில் நினைவுகூரப்படும் முதியோருள் சிலரேனும் இந்நோயினால் இறந்திருக்கலாம்.

இன்றோ பதுளைப் போதனா வைத்தியசாலையிலேயே சீ. ரீ. படம் எடுக்கலாம். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். தடை தூரத்திலன்று, சந்தேகம் தோன்றாமையிலேயே பெரும்பாலும் இருக்கிறது.

நமது பெரியவரிடம் மீளுவோம். கழன்ற செருப்பைக் கண்ட மகள், அப்பாவின் இடது கை தேநீர்க் கோப்பையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்பதையும் கவனிக்கிறாள். வயது போனால் இரு கையும் தளரவேண்டும்; ஒரு கை மட்டும் தளருவானேன் என்பது அவள் எண்ணம். மருத்துவக் கல்லூரியில் கற்பிக்கப்படுவதும் ஏறத்தாழ இதுவே. கொழுந்து மலைக்குப் போகும் நாட்கூலியை இழந்து அவள் அவரைப் பதுளைக்குக் கொண்டுசெல்கிறாள். இந்த இழப்பைச் சிறிதென்று கருதுவோர் தோட்டத்து வரவு செலவை அறியாதவர்.

படத்திலே வலது பக்கம் கரிய பிறை போன்ற தேக்கம் தெரிகிறது. மூளையின் வலப்பக்கம் உடலின் இடப்பக்கத்தை ஆளுவதால் இடக்கால் தளர்ந்தது. சத்திரசிகிச்சை எளிமையானது, மண்டையோட்டிலே ஒன்றோ இரண்டோ சிறு துளையிட்டுத் திரவத்தை வடித்து, மெல்லிய குழாயொன்றை இரண்டு நாள் விட்டுவைப்பர். அவ்வாறு குழாய் விடுவதனால் நோய் திரும்பும் வாய்ப்பு 24 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைகிறது என்று இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 2009 இல் காட்டினர். கத்தியின்றி மாத்திரையால் கரைக்கலாமா என்பதையும் பிரித்தானியர் ஆராய்ந்தனர். டெக்ஸாமெதசோன் என்னும் மருந்து கொடுக்கப்பட்டவர்களின் நிலை, கொடுக்கப்படாதவர்களைவிட நன்றாக இல்லை, பின்தங்கியே இருந்தது. இம்முடிவு 2020 இல் வெளியாயிற்று. அயலவர் சொல் கேட்டு அம்மருந்தைக் கடையில் வாங்கிக் கொடுக்க எண்ணுவோர் இதனை அறிந்திருப்பது நன்று.

பெரியவர் வீடு திரும்புகிறார். பேரனைச் சரியான பெயரிட்டு அழைக்கிறார். ஆயினும் ஒரு மாதத்தில் செருப்பு மறுபடியும் கழலுகிறது.

திரும்பி வருதல் இந்நோயில் புதுமையன்று. ஆனால் திரும்பி வரும்போது வைத்தியர் வேறு கேள்விகளைக் கேட்கத் தொடங்குகிறார். குருதி உறையாமலிருக்க ஏதேனும் மாத்திரை உட்கொள்கிறாரா? இருதயத்திற்கென்று கொடுக்கும் அஸ்பிரின், வார்பரின் போன்றவை கசிவை நிற்கவொட்டா. ஆனால் அவற்றைத் தாமாக நிறுத்திவிடுவதும் ஆபத்தே. அது வைத்தியர் முடிவு. இதனாலேயே கிளினிக் கொப்பியையும் மருந்துப் பையையும் கையோடு கொண்டுசெல்லவேண்டும் என்பது. அடிபடாமலே நோய் தொடங்கிற்றா? நோயாளி இளைஞரா? திடீரெனக் கடுந்தலைவலி கண்டதா? வழக்கமில்லாத இடத்தில் குருதி தேங்கியுள்ளதா? இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு ஆம் என்ற விடை கிடைத்தால் நாடியின் மீது ஐயம் பிறக்கும்.

இங்கேதான் மகள் ஒரு சொல் சொல்கிறாள். தலையை இடித்துக்கொள்வதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே அப்பா வலது காதுக்குள் ஸ்டோர் ஓடுகிறது என்று சொல்லிவந்தார். தேயிலை ஸ்டோரிலே நெடுநாள் வேலை செய்ததால் வந்த இரைச்சல் என்று வீட்டார் விட்டுவிட்டனர். அவர் ஸ்டோரிலே ஒருநாளும் வேலை செய்ததில்லை என்பது பேச்சின் நடுவே அவளுக்கே நினைவுக்கு வருகிறது. கவ்வாத்து வெட்டியவர் அல்லவா! வைத்தியர் காதின் பின்னே குழாயை வைத்துக் கேட்கிறார். பின்னர் நாடிகளைப் படமெடுக்க அனுப்புகிறார். வன்றாயியிலே நாடியும் நாளமும் நேரே இணைந்த இடம் வெளிப்படுகிறது.

அதனை அடைப்பதற்குத் தலையைத் திறக்கவேண்டியதில்லை. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள நாடி வழியாக நூல் போன்ற குழாயைச் செலுத்தி, அவ்விடத்திற்குக் கொண்டுசென்று, பசை போன்ற பொருளால் அடைத்துவிடுவர். கொழும்புத் தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய நிலையங்களில் இத்தகைய சிகிச்சைக்கு வல்லுநர் உளர். அருமையான நாடி நோய்க்கென எழுந்த இம்முறையே இப்போது பொதுவான நோயாளருக்கும் பயன்படத் தொடங்கியுள்ளது. நடு மூளையுறை நாடியை அடைத்துவிட்டால் சவ்வு ஊட்டமின்றி வாடும் என்னும் எண்ணத்தோடு, யப்பானிய வைத்தியர் 2000 ஆம் ஆண்டில் முதன்முதலாக அவ்வாறு சிகிச்சை செய்து அறிக்கையிட்டனர். 2024 இலே வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், சத்திரசிகிச்சையோடு நாடியையும் அடைத்தவர்களில் 4.1 சதவீதத்தினருக்கே மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டியிருந்தது, அடைக்காதவர்களில் 11.3 சதவீதத்தினருக்கு வேண்டியிருந்தது. அதே ஆண்டில் சீன நாட்டு ஆய்வில் அத்துணை உறுதியான வேறுபாடு தோன்றவில்லை. அந்நாடியின் கிளை கண்ணுக்குச் செல்லும் நாடியோடு தொடர்புடையதாக இருந்தால், தவறி அடைபடும்போது பார்வையே போய்விடும் அபாயமும் உண்டு. ஆதலின் புதியது என்பதற்காக எல்லோருக்கும் ஏற்றதென்று கொள்ளலாகாது.

இந்நோய் ஏழை, செல்வர் பார்ப்பதில்லை. முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி றீகன் 1989 யூலை 4 இல் குதிரையிலிருந்து விழுந்தார். செப்ரெம்பர் மாதம் 8 ஆம் திகதியே மாயோ வைத்தியசாலையில் அவர் தலையில் துளையிடப்பட்டது. பிரேசில் நாட்டு ஜனாதிபதி லூலா 2024 ஒக்டோபர் 19 இல் குளியலறையில் விழுந்தார். தலைவலியோடு அவர் வைத்தியசாலை சென்றது டிசம்பரில். 10 ஆம் திகதி குருதி வடிக்கப்பட்டது. இரண்டு நாட்களின் பின் அதே நடு மூளையுறை நாடி அடைக்கப்பட்டது. உலகின் சிறந்த வைத்தியர்கள் அருகிருந்தும் அவர்களுக்கும் ஏழு முதல் ஒன்பது வாரங்கள் கழிந்தன. மடுல்சீமைப் பெரியவருக்கும் ஏறத்தாழ அவ்வளவே ஆயிற்று.

நாடி அடைக்கப்பட்ட இரவு, வைத்தியசாலைக் கட்டிலிலே பெரியவர் விழித்தெழுந்து, ஸ்டோரை ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று கேட்கிறார். மகளுக்கு முதலில் அச்சம். மறுபடியும் புத்தி தடுமாறுகிறதோ என்று. பக்கத்தில் நின்ற தாதிக்கே அது விளங்குகிறது. வீட்டுக்குப் போகும்போது கொடுத்த நோய் நிர்ணய அட்டையை மகள் கிளினிக் கொப்பிக்குள் வைத்து, பொலித்தீன் உறையிலிட்டு, மழை படாதபடி சேலைத் தலைப்பில் முடிந்துகொள்கிறாள்.